கண்ணாடிய ஏத்து

இன்று காலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெருக்கும்போது உன் கார் ஸ்டீரியோவின் வால்யூம் குமிழ் துடைப்பத்தோடு உருண்டு வந்தது. கறுப்பு பிளாஸ்டிக், புளியங்கொட்டை மாதிரி வழவழப்பு. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தாய் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. உன் சிகரெட்டும் துறைமுகத்துக் கிரீஸும் இன்னும் அதில் இருந்தன. சாக்கடையில் வீசிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன். செத்துப்போன புருஷனுக்கு எழுதுகிறவர்கள் ‘அன்புள்ள’ என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

நம் பிள்ளை டேவிட் உன் காரின் ஸ்டீரியோவை மாற்றிவிட்டான். நீ உயிரோடு இருந்திருந்தால் அவன் கையை முறித்திருப்பாய். டிராவல்ஸ்காரன் ஒருவனிடமிருந்து அந்தக் குவாலிஸை நீ வாங்கி வந்தபோதே அது நன்றாக ஓடிக் களைத்த வண்டி. கம்பெனியிலேயே பொருத்தி வந்த கேசட் ஸ்டீரியோ மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. “வண்டி பூட்டாலும் இந்த சவுண்டு பூடாது” என்பாய். பங்குச் சாமியார் வந்து வண்டியை மந்திரித்தபோது, அவர் தெளித்த தீர்த்தம் ஸ்டீரியோமேல் பட்டுவிடாமல் நீ குறுக்கே கையை வைத்து மறைத்துக்கொண்டாய். சாமியார்கூடச் சிரித்துவிட்டார்.

நீ போனபிறகு சந்து முனையில் தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்தது வண்டி. டேவிட் இப்போது எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரைலர் ஓட்டுகிறான். திருவொற்றியூரிலிருந்து மெர்சி என்று ஒரு பெண்ணைப் பார்த்து இந்த வருஷம்தான் கல்யாணம் செய்து வைத்தேன். கல்யாணமான கையோடு தார்ப்பாயை உருவிப் போட்டான். பேட்டரி மாற்றினான், டயர் மாற்றினான். கடைசியில், பாட்டுப் பெட்டியையும் மாற்றிவிடலாம், நீயும் வா என்று என்னையும் யானைக்கவுனிப் பக்கம் ஒரு பாய் கடைக்கு அழைத்துப் போனான்.

பாய் ஒரு பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் விட்டு நெம்பினார். டேஷ்போர்டின் முகப்பு கழன்று வந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றி இழுத்தார். பின்னால் ஒயர்கள் கொத்தாகத் தொங்க உன் ஸ்டீரியோ வெளியே வந்தது.

“பாய், ஒயர கட் பண்ணிடாத. கப்ளர் போட்டு குடு” என்றான் டேவிட்.

“பயய வண்டிக்கு பெரிய ஸ்கிரீனு அப்டியே குந்தாதுப்பா. ஃபிரேம் போட்டுதான் ஒக்கார வெக்கணும்.” பாய் பழையதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாமா இது, எல்லா பட்டனும் எய்த்து அயியாம கீது, இந்த வால்யூம் நாபு மட்டும் மழமழன்னு தேஞ்சி கீது. உங்க வூட்டுக்காரருக்கு பாட்டுன்னா அவ்ளோ இஷ்டமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் டேவிட் முந்திக்கொண்டான். “எங்க நைனா அம்மாவ பீச்சாண்ட இட்டுகினு போயி பாட்டு போட்டுகினு குந்திகினு இருப்பாரு பாய். சாய்ந்தரமானா கெளம்பிடுவாங்க ரெண்டு பேரும்.” அவன் முகத்தில் அத்தனை பெருமை. பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். உன்னோடு குடித்தனம் பண்ணியதில் அந்தச் சிரிப்பை மட்டும் நன்றாகப் பழகி வைத்திருக்கிறேன்.

பழைய ஸ்டீரியோவைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நைனா ஞாபகமாக அம்மா வைத்துக்கொள்கிறாள் என்று டேவிட் நினைத்திருப்பான். மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் துவைக்கிற கல்மேல் அதை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். தகரம் நெளிந்தது. முகப்பு தெறித்தது. உள்ளே சிக்கிக்கிடந்த கேசட்டின் நாடா சரிந்து வெளியே வந்தது. நான் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்து, “இன்னாடி, பாம்பா அடிச்சிகினு கீற?” என்றாள்.

“பாம்புதான்க்கா” என்றேன்.

அந்தக் குமிழ் அப்போது உருண்டதுதான் போலிருக்கிறது. மிச்சத்தைக் காயலாங்கடைக்காரன் அள்ளிக்கொண்டு போனான். முடிந்தது என்று தலை முழுகினேன்.

உனக்கு எதுவும் நினைவில் இருக்காது. அடித்தவனுக்கு மறதி அதிகம். நான் சொல்கிறேன், படுத்த இடத்திலேயே கேட்டுக்கொள்.

நம் சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் ‘ஆண்டவரே’ என்பார்கள், அப்படிப்பட்ட சுவர். உன்னிடம் சொல்லாமல் நான் புளியந்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று, பெல்ட்டைக் கழற்றினாய். பெல்ட் அறுந்ததும் தோசைக்கல்லை எடுத்தாய். ஸ்டெல்லா அக்கா அந்தப் பக்கமிருந்து உலக்கையால் சுவரை இடித்தாள். அன்பியம் என்று நம் தெருக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் சொல்லுவோமே, அந்தக் கூட்டம் மொத்தமும் வாசலில் வந்து நின்றது. ஆம்பிளைகள் உன்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்தார்கள். சத்தியத்தை ஸ்டெல்லா அக்கா புருஷன்தான் சொல்லிக் கொடுத்தார், நீ திருப்பிச் சொன்னாய். “இந்த வூட்டுக்குள்ள இனிமே இவ மேல கை வெச்சா என் கை அயுகிப் பூடும்.”

எல்லாரும் அழுதோம். நீயும் அழுதாய். “கெட்ட காலம் போச்சுடி” என்று ஸ்டெல்லா அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் என்று சொல்லிக் கொடுத்தது அவர்கள்தான். அவர்கள் கேட்டது வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தம், அதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தோணியாரிடம் பொய்ச் சத்தியம் பண்ணினால் ரத்தம் கக்குவார்கள் என்று நம்புகிற தெரு. நீயும் நம்பினாய். அதனால் சாகிறவரை அந்தச் சத்தியத்தை நீ மீறவே இல்லை.

கார் வாங்கிய புதிதில் ஒரு சாயங்காலம், “வா, காத்து வாங்கிகினு வரலாம்” என்றாய். டேவிட் பள்ளிக்கூடப் பிள்ளை. அவனை ஸ்டெல்லா அக்காவிடம் விட்டுவிட்டு, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பூ வைத்துக்கொள்ளத் தோன்றியதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. காசிமேடு தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, வரிசையாக நின்ற டிரைலர்களைக் கடந்து, கடல் அரிக்காமல் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கும் இடத்தில் ஓரங்கட்டினாய். கேசட் போட்டாய். ஒரு பாட்டு முடிகிறவரை சும்மா இருந்தாய். பிறகு, “கண்ணாடிய ஏத்து” என்றாய்.

உப்புக்காற்று என்று நினைத்தேன். என் கையாலேயே சுற்றி ஏற்றினேன். நீ குமிழைக் கடைசிவரை திருகினாய். வண்டியே அதிர்ந்தது. அடுத்தது உன் இடது கை வந்தது. முதல் அறையில் என் தலை கண்ணாடியில் மோதியது. முடியைப் பிடித்து இழுத்து இன்னொன்று. காலையில் பால்காரனிடம் நான் சிரித்துப் பேசினேனாம். முடித்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தபடி சொன்னாய்: “வூட்ல தொடமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். இது வூடு இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். காரில் மறு கன்னம் உன் கைக்கு எட்டாது. எல்லாம் வலது கன்னம், வலது காது. ஒரு மழைக்காலத்தில் அந்தக் காது ‘ங்’ என்று கத்தியது, ஓய்ந்தது, அதன்பின் திறக்கவே இல்லை. குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்துவாய். முகத்தைக் கழுவிக்கொள்வேன், பூவைச் சரிசெய்துகொள்வேன். சந்து முனையில் இறங்கினால் பெண்டுகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். “குடுத்து வெச்சவடி நீ” என்பார்கள். இவர்களிடம் எதைச் சொல்வது, உன்னை இன்னொரு தடவை எங்கே கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்குவது. டேவிட் ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலிலிருந்து கையாட்டுவான். நீ ஹார்ன் அடித்து அவனுக்கு விளையாட்டுக் காட்டுவாய். அவனை நீ ஒருநாளும் அடித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் கல்லீரல் வீங்கிக் கிடந்தாய். கஞ்சி ஊட்டினேன், பீ மூத்திரம் அள்ளினேன். உன் இடது கையை ஈரத்துணியால் துடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு விரலாகப் பின்பக்கம் மடக்கி ஒடிக்க வேண்டும் என்று இருக்கும். ஒடிக்கவில்லை. நோயாளி என்றா, பாவம் என்றா, பயமா, இன்றுவரை தெரியவில்லை. நீ சாமியார் கையால் எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் வாங்கிக்கொண்டு சொகுசாகச் செத்தாய். ஒரு அடிகூட உன்னைத் திருப்பி அடிக்காதது அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, காலைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதைய கதைக்கு வருகிறேன்.

புது ஸ்டீரியோ வந்தபின் டேவிட்டும் மெர்சியும் சாயங்காலங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள். எங்கே என்று கேட்டால், “சும்மா ஒரு ரவுண்டுமா” என்பான். நீ கட்டிய அதே ஒற்றை அறைதான் இன்னும் நம் வீடு. என் பழைய சேலையை நடுவில் கட்டித் தடுத்து, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். சிறுசுகள், போய்வரட்டும் என்றுதான் முதலில் இருந்தேன். ஸ்டெல்லா அக்காதான் ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள்: “அப்பன் மாரியே புள்ள. பொண்டாட்டிய கார்ல வெச்சி சுத்திகினு கீறான் பாரேன்.”

நான் சந்து முனையில் போய் நின்றுகொண்டேன்.

அன்று அவர்கள் திரும்பி வந்தபோது மெர்சியைப் பார்த்தேன். முகம் கழுவி வந்திருந்தாள். பூ நசுங்கியிருந்தது. கீழ் உதடு தடித்திருந்தது. கழுத்தோரம் சிவப்பாக ஒரு கன்றிப்போன இடம். முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

“இன்னாமா ஒதட்டுல?”

“ஒண்ணுல்ல அத்த.” தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினாள்.

ஒண்ணுமில்லை என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவள் இந்த ராயபுரத்திலேயே கிடையாது. அடுத்தடுத்த நாள்களில் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முகம் சிவந்து நழுவினாள். தாயில்லாத பெண் அவள், நான்தான் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தேன். ராத்திரியெல்லாம் சேலைத் தடுப்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் எனக்கு உயிரை வாங்கியது. வீட்டுக்குள் சத்தம் வராமல் எப்படி இருப்பது என்று நீ எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாய்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் கிளம்பியதும் நான் ஷேர் ஆட்டோ பிடித்தேன். எங்கே போக வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். திருவொற்றியூர் தாண்டி இறங்கி நடந்தேன். அதே பாறாங்கற்கள். அதே இடத்தில் கடலைப் பார்த்தபடி உன் கார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. புது ஸ்டீரியோவின் சத்தத்தில் வண்டியின் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு காது அடைத்தவளுக்கு அலையும் பாட்டும் ஒன்றாகக் குழம்பி ஒரே இரைச்சல். கறுப்புப் பேப்பர் ஒட்டிய கண்ணாடி வழியாக நிழல்தான் தெரிந்தது. அவள் தலை அந்தப் பக்கத்துக் கதவில் அழுந்தியிருந்தது. இவன் மொத்தமாக அவள்மேல் சாய்ந்திருந்தான். அவள் கை ஒன்று மேலே எழுந்து இவன் தோளைப் பிடித்தது. தள்ளுகிறாள் என்று நினைத்தேன். நானும் அப்படித்தான் தள்ளுவேன்.

கல் என் கையில் எப்படி வந்தது என்று தெரியாது, தேங்காயளவு கல். டிரைவர் பக்கக் கண்ணாடியில் அடித்தேன். முதல் அடிக்கு விரிசல்கூட விடவில்லை. உள்ளே அவன் திரும்பினான். இரண்டாவது அடிக்குக் கண்ணாடி மொத்தமும் உதிர்ந்து, கல் அவன் புருவத்தில் போய் இறங்கியது. ரத்தம் கொட்டியது. டேவிட்டின் முகம் எனக்குத் தெரிந்தது, நன்றாகத் தெரிந்தது. அப்புறமும் ஓங்கினேன். உன் தாடை அவனுக்கு, உன் மீசை அவனுக்கு. அடுத்த அடி அவன் தடுக்கத் தூக்கிய கையில் விழுந்தது. எலும்பில் கல் படும் சத்தம் அந்தப் பாட்டையும் மீறிக் கேட்டது. சொல்லவே கூசுகிறது, அந்த நேரம் என் உடம்பு முழுக்க அப்படி ஒரு நிம்மதி. நீ செத்த அன்றுகூட எனக்கு அது வரவில்லை.

மெர்சி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். “அத்த, வுடுங்க அத்த. அவரு ஒண்ணும் பண்ல. அவரு என்ன ஒண்ணும் பண்ல அத்த.”

“ஒன்ன அடிக்கறான்டி.”

“அடிக்கலத்த.” அவள் அழுதுகொண்டே ரவிக்கையின் கொக்கிகளை மாட்டினாள். “வூட்ல நீங்க கீறீங்க. ரெண்டு பேரும் எங்கதான் போவறது.”

கல்லைக் கீழே போட்டேன். டேவிட் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. மடியெல்லாம் கண்ணாடித் தூள். பாட்டை நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, மெர்சிதான் எட்டிக் கையை விட்டு நிறுத்தினாள். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. தெருவில் முதல்முதலாக அடிவாங்கிய பிள்ளை மாதிரி என்னையே பார்த்தான்.

“நீயும் நைனாவும் வந்து குந்தற எடம்னுதானமா இங்க இட்டுகினு வந்தேன்” என்றான். “ஒரு தபா நைனாவே காட்னாரு. நானும் ஒங்கம்மாவும் குந்தற எடம்டான்னு.”

ஆஸ்பத்திரியில் புருவத்துக்குத் தையல் போட்டார்கள், கைக்கு மாவுக்கட்டு. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது, டிரைலரிலிருந்து இறங்கும்போது வழுக்கிவிட்டது என்றான். இமைக்காமல் சொன்னான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

வராந்தா பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். சத்தியம், கார், ஸ்டீரியோ, கண்ணாடிய ஏத்து, காது. மெர்சி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை. “எப்பவுமேவா மா?” என்று கேட்டான். ஏதோ ஒரு சாயங்காலமாவது நாம் சும்மா பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று அவனுக்கு இருந்தது. எனக்கும் ஒன்று தேடிப் பார்த்துக் கொடுக்க ஆசைதான். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

“எப்பவுமேதான்” என்றேன்.

அவனுக்கு ஒரு அப்பன் இருந்தான், கடற்கரையில் பொண்டாட்டிக்குப் பாட்டுப் போட்டுக் காட்டிய அப்பன். அவனையும் அன்றைக்கே நான் அடித்துப் போட்டுவிட்டேன். அதற்காக உன்னிடம் வருத்தம் தெரிவிக்க மாட்டேன். உனக்கு விழ வேண்டிய அடி என் பிள்ளைமேல் விழுந்ததே, அதற்குத்தான் தூக்கம் வரவில்லை.

இப்போது ராத்திரியானால் நான் ஸ்டெல்லா அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். அவளுக்கும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அப்புறம் எனக்குப் பாய் விரித்தாள். டேவிட் என்னிடம் எப்போதும் போலப் பேசுகிறான், சாப்பிட்டியா என்கிறான், ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்கிறான். வைத்துக்கொள்ளவும் இல்லை, என் பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஆனால் முந்தாநாள் தையலுக்கு மருந்து போட, பஞ்சை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கினேன். அவன் தலை சட்டென்று ஒதுங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது. அப்படி ஒதுங்கி ஒதுங்கியே தேய்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா. உடனே கண்ணைத் திறந்து, “இன்னாமா, போடு” என்று சிரிக்கப் பார்த்தான். மெர்சி வந்து என் விரலிலிருந்து பஞ்சை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறேன். தண்ணீர்ச் செம்பை நீட்டுவதற்குக்கூட, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மெதுவாகத்தான் எடுக்கிறேன்.